வாசலில் பிரித்த கார்

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா இல்லையா?"

பானுமதி துணி வாளியை ணங்கென்று கீழே வைத்தாள்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடத்தூர் அரசுப் பள்ளியின் இயற்பியல் வாத்தியார் தீர்த்தகிரியின் கால்கள்.

காலாண்டு லீவு விட்டதும் விடாததுமாகக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றியவர்தான். வாசல் முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் போல்ட்டும் நட்டும் கடை பரப்பியிருந்தார். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டை அவரே மாற்றப்போகிறாராம். போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். வீடியோக்காரன் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். இவருக்கு இன்றோடு இரண்டு நாள்.

"சென்றாயண்ணன் பட்டறை நாலு வூடு தள்ளி இருக்குது. பதினஞ்சு வருசமா நம்ம வண்டிய அவருதான் பாக்குறாரு. கண்ணம்மாக்கா போயி ஆறு மாசங்கூட முழுசா ஆவல. பொண்டாட்டி போன துக்கத்த மனுசன் வேலை செஞ்சுதான் மறந்துக்கிட்டு இருக்காரு. அவரு கண்ணு முன்னாடியே இப்படிப் பிரிச்சுப் போட்டா என்ன நெனப்பாரு? காலையில இந்தப் பக்கம் வந்தவரு, பாத்தும் பாக்காத மாதிரி போறாருங்க. எனக்கே அழுகை வந்துருச்சு."

"சும்மா, கத்துக்கலாம்னுதான் பானு."

"அம்பது வயசுலயா? வாத்தியாரு கஞ்சத்தனம் புடிச்சு ஆடுறாருன்னு தெருவே சிரிக்குது. அதுவும் அஞ்சாறு மாசம் முன்னாடிதான் அவரு புது பெல்ட்டு போட்டுக் குடுத்தாரு!"

"சிரிச்சுட்டுப் போவட்டும் வுடு."

பானுமதிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

"நான் போயி அவரயே கூட்டியாரேன். கையில கால்ல வுழுந்தாச்சும்..."

"போவாத!"

தீர்த்தகிரி பதறிக்கொண்டு வெளியே வந்தார். மூக்கு நுனியில் கிரீஸ். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்குக்கு அடியிலிருந்து ஒரு பெல்ட்டை உருவி அவள் கையில் கொடுத்தார். நெடுக வெடித்து, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"இதான் உள்ள இருந்துச்சு."

"இது பழசாட்டம் இருக்குது?"

"பழசேதான். நான் வாங்கிக் குடுத்த புது பெல்ட்டு, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காம டிக்கியில கெடந்துச்சு. போன வாரம் ஜாக்கிய எடுக்கறப்பதான் பாத்தேன்."

"அப்ப நம்மள ஏமாத்திட்டாரா?"

"ச்சீ, என்ன பேச்சு பேசற. வண்டிய அவரு பிரிச்ச அன்னிக்குத்தான் தருமபுரி ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடுனாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே, சார் வண்டி நிக்குதேன்னு வந்து மாட்டிக் குடுத்துட்டாரு. பெல்ட்ட மாத்தியாச்சுன்னே நெனச்சிருக்காரு பாவம்."

பானுமதி அந்தப் பழைய பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவரு ஸ்பேனரயே தொடமாட்டாரு பானு. வேற பட்டறைக்குக் கொண்டு போனா ஒரே நாள்ல ஊருக்கே தெரிஞ்சுரும். அதுக்கு நான் கஞ்சனாவே இருந்துட்டுப் போறேன்."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக்கூடாதா?"

"உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துருமே."

இருபத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்தியும், பானுமதிக்கு இந்த மனுசனை இன்றைக்குத்தான் சரியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"சார்..."

கேட்டருகே சென்றாயன் நின்றிருந்தார். பானுமதி கையிலிருந்த பெல்ட்டை ஈரத் துணிகளுக்கு நடுவே திணித்து, மேலே ஒரு போர்வையையும் போட்டு அமுக்கினாள்.

"ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன். கேட்டுரலாம்னு வந்துட்டேன். என் வேலையில எதாச்சும் கொறைங்களா சார்?"

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாடிக் கிடந்தது.

"அய்யய்யோ, கொறையா? நீங்க போட்ட பெல்ட்டு கல்லாட்டம் இருக்குதுங்க. நான்தான் லீவுல கையி சும்மா இருக்காம கெளறி வுட்டுட்டேன். புதுசு மாட்டியும் ஆச்சு, கவர மூடறதுதான் பாக்கி. இருங்க, டீ குடிச்சுட்டுப் போலாம். பால் வாங்கியாரேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாத்தியார், தப்பித்தால் போதுமென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சென்றாயன் சும்மா இருக்க மாட்டாமல் இன்ஜினை எட்டிப் பார்த்தார். போன் டார்ச்சை அடித்து மறுபடி பார்த்தார். புருவம் சுருங்கியது. வாத்தியார் போன திசையை ஒரு பார்வை. அப்புறம் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேப்பர்மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்தார்.

போல்ட்டைத் தளர்த்தினார். பெல்ட்டை இழுத்து நகர்த்தினார். முறுக்கினார். இன்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்தக் கைகளில் துளித் தடுமாற்றம் இல்லை.

"என்னண்ணா பண்றீங்க?"

"சார் பெல்ட்ட மூணு பல்லு தள்ளி மாட்டியிருக்காரும்மா. இப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா வால்வெல்லாம் வளைஞ்சு இன்ஜினே போயிருக்கும்."

பானுமதி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் தீர்த்தகிரி பால் பாக்கெட்டோடு திரும்புவது தெரிந்தது.

சென்றாயன் அவசரமாக ஸ்பேனரைக் கிடந்த இடத்திலேயே போட்டார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"சாருக்குத் தெரிய வேணாம் தங்கச்சி. ரெண்டு நாளா உசுரக் குடுத்துப் பண்ணியிருக்காரு, மனசு ஒடைஞ்சுரும்."