புரதம் இல்லாத கிண்ணம்

சூட்டை அளக்கும் இயந்திரத்தின் ஊசி ஒரு சொட்டு மருந்தை விடுகிறது. நேற்று கீழே கிண்ணத்தில் புரதம் இருந்தது. சொட்டுக்குச் சொட்டு சூடு கிளம்பி, திரையில் கோடு மலைமலையாக எழுந்தது. மருந்து புரதத்தைப் பிடித்துக்கொண்டது என்று ஆராய்ச்சி மாணவியான அவள் அம்மாவுக்குக்கூட ஃபோன் போட்டுச் சொல்லியாயிற்று. இன்று சரிபார்க்க, கிண்ணத்தில் புரதம் இல்லாமல், அதைக் கரைக்க எடுத்த வெறும் உப்புநீர் மட்டும். கோடு அசையவே கூடாது. திரை வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் நீலமாக நிற்கிறது. கோடு படுத்தே கிடக்கிறது, பிறகு ஜம்மென்று எழுகிறது, நேற்றைய அதே உயரத்துக்கு. "புரதமே இல்லையேடி, எதைப் பிடிச்சு சூடாகுது?" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தோழி. "மருந்து, புரதம் ரெண்டையும் ஒரே பாட்டில் உப்புநீர்லதானே கரைச்ச?" மேசையில் மருந்துக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று என்று இரண்டு உப்புநீர் பாட்டில்கள் வாய் திறந்து நிற்கின்றன. உப்போடு உப்பு கலந்த சூட்டுக்கா வீடே கொண்டாடியது! "பேசாம இரு," என்கிறாள் அவள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அடுத்த சொட்டு விழப்போகுது."