படகுக்குக் கிடைத்த பட்டம்

கப்பலும் படகும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆழம் பத்தாத ஒரு துறை இருந்ததாம். கிட்டே வந்தால் தரைதட்டிவிடும் என்று சுற்றுலாக் கப்பல் தூரத்திலேயே நின்றுகொள்ளும். பயணிகளைக் கரைசேர்ப்பது ஒரு சின்னப் படகு. தன்னை யாராவது ஒருத்தராவது பெரிதாக நினைக்க மாட்டார்களா என்று அதற்குத் தீராத ஏக்கம்.

அன்றைக்கு இறங்கியவர்கள் எல்லாரும் திரும்பி நின்று படம் எடுத்தார்கள். படகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

படகு இடிபடாமலிருக்கத் துறையில் கட்டியிருந்த பழைய டயர் சிரித்தது. "தம்பி, அவங்க எடுக்கிறது பின்னால நிக்கிற கப்பலை. நீ கொஞ்சம் குனிஞ்சுக்க, மறைக்குது."

"போங்கண்ணே!" படகுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

கடைசியாக ஒரு பெரியவர் இறங்கப் பயந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். படகு வருத்தத்தை மறந்து, டயரோடு ஒட்டி ஆடாமல் நின்றது. அலை தூக்கிக் கொடுத்த நேரம் பார்த்து அவர் துறையில் கால் வைத்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"பயப்படாதே செண்பகம், கப்பலை விட்டுப் பத்திரமா இறங்கிட்டேன்."

"அண்ணே, கேட்டீங்களா? என்னைக் கப்பல்னுட்டாரு!"

டயருக்கு நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. படகின் பூரிப்பைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டது.

"ஆமா தம்பி, என் காதாலயே கேட்டேன்."

பெரியவர் கைத்தடியை ஊன்றி ஊரைப் பார்த்து நடந்தார்.