ஆமென் சொல்லாத ஐயர்

“ஐயா, உள்ள போனதும் சுருக்கமா ஒரு ஜெபம். அவ்வளவுதான். ஆறு மணிக்கு நான் கடைல நிக்கணும்.”

செருப்பைக் கழற்றிக்கொண்டே இஸ்ரவேல் சொன்னார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பாத்திரக்கடை. சபையில் கமிட்டி செயலாளர். நல்ல மனிதர்தான், ஜெபம் நீண்டால் மட்டும் பொறுக்காது.

“ரெண்டே நிமிசம் அண்ணாச்சி” என்றார் ஷிபின் ஐயர். சபைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர். நெல்லைப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

கதவைத் திறந்த பியூலா “வாங்க” என்றாள். சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

ஹாலிலேயே கட்டில். அதில் அவள் கணவர் ஜெயசீலன். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து ஆறுதல் சொல்ல ஆள் வந்தபடியே இருக்கிறது.

“எப்படிம்மா ஆச்சு?” என்று ஆரம்பித்தாள் இஸ்ரவேலின் மனைவி ஜாய்ஸ்.

பாத்ரூமில் விழுந்தது, ஆட்டோ கிடைக்காமல் அலைந்தது, டாக்டர் சொன்னது. காலையில் வந்தவர்களிடம் சொன்னதையே பியூலா அதே வரிசையில் ஒப்பித்தாள்.

“ராத்திரி தூங்குதாரா?”

“எங்கக்கா? தனியா இருக்க மாதிரி பயம் வந்துருதாம். பத்து நிமிசத்துக்கு ஒருக்க கூப்பிடுதாரு.”

“நீதாம்மா தைரியமா இருக்கணும். வேதம் வாசிக்கியா? நல்லா ஜெபம் பண்ணுதியா?”

பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். “எங்கக்கா முடியுது? ஜெபம்னு உக்காந்தா…”

“பியூலா…” கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஓடினாள். தலையணையைச் சரிசெய்தாள். அப்படியே அடுப்படிக்குள் போய்க் காபிக்குப் பால் வைத்தாள்.

“பாத்தியளா? ஜெபம் பண்ண முடியலையாம்” என்று ஜாய்ஸ் கணவர் காதில் கிசுகிசுத்தாள். “இந்த மாதிரி நேரத்துல ஆண்டவரைப் பிடிச்சுக்கிடாம எப்பப் பிடிக்கப் போறா?”

ஐயர் காதிலும் அது விழுந்தது.

காபி வந்தது. குடித்தார்கள். காலி டம்ளர்களைத் தட்டில் வாங்கிக்கொண்டு பியூலா மறுபடி அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“பிறகு கழுவலாம்மா. இப்படி உக்காருங்க, ஜெபிப்போம்” என்றார் ஐயர்.

ஐயருக்குப் பக்கத்து நாற்காலியில், தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

“எங்கள் அன்பின் பரம பிதாவே…”

ஜெயசீலனுக்காக ஜெபித்தார். பியூலாவுக்காக ஜெபித்தார். மருத்துவர்களுக்காக ஜெபித்தார். ஆமென் சொல்ல இஸ்ரவேல் தயாரானார்.

“…பாபநாசம் அணையிலே போதுமான தண்ணீரைத் தாரும், ஆண்டவரே.”

இஸ்ரவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணை எங்கே இங்கே வந்தது?

“அம்பாசமுத்திரத்து விவசாயிகளை நினைத்தருளும். கல்லிடைக்குறிச்சியிலே அப்பளம் இடுகிற கைகளை ஆசீர்வதியும். பத்தமடையிலே பாய் நெய்கிறவர்களுக்கு நல்ல விலை கிடைக்கச் செய்யும்…”

இஸ்ரவேல் லேசாகச் செருமிக் காட்டினார்.

“இருமலால் வருந்துகிறவர்களுக்குச் சுகம் தாரும்” என்றார் ஐயர், அதே தாழ்ந்த குரலில்.

இஸ்ரவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயரோ பத்தமடையைத் தாண்டி, திருநெல்வேலியில் நின்று நிதானித்து, அணையிலிருந்து வரும் ஆற்றோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தார். முறப்பநாடு. ஸ்ரீவைகுண்டம். ஏரல் வியாபாரிகள். ஊர் ஊராக இறங்கி ஏறும் டவுன் பஸ்கூட இதைவிடச் சீக்கிரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் இதைப் பேசாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் முடிவுகட்டினார்.

“கொற்கையிலே இருக்கிற உம்முடைய பிள்ளைகளை…”

குரல் கம்மி நின்றது. அப்பாடா, இதற்கு மேல் கடல்தான். இஸ்ரவேல் கண்ணைத் திறந்தார்.

ஐயரின் கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன.

ஜெபத்தில் கண்ணைத் திறந்துவைத்திருக்கும் போதகரை இஸ்ரவேல் இதுவரை பார்த்ததில்லை. கோபத்தோடு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஐயரின் கையைப் பார்த்தார். அது பக்கத்து நாற்காலிக்கு நீண்டு, சரியப் பார்த்த டம்ளர் தட்டைத் தாங்கிப் பிடித்திருந்தது.

நாற்காலியில் பியூலா. தலை சுவரில் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் ஜெயசீலன் விழித்தேதான் கிடந்தார். கண்ணோரம் ஈரம். இவ்வளவு நேரமும் அவர் ஒருதடவைகூடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் இஸ்ரவேலுக்கு உறைத்தது. இவரைப் பார்த்ததும் ஜெயசீலன் இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, உதட்டில் விரல் வைத்தார்.

இஸ்ரவேல் தட்டிலிருந்த காலி டம்ளர்களைப் பார்த்தார். இவள் கையாலா உட்கார்ந்த இடத்தில் காபி வாங்கிக் குடித்தோம்?

ஐயர் மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தார். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. சத்தம் நின்றதும் பியூலாவின் இமைகள் அசைந்தன.

இஸ்ரவேல் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆண்டவரே… சித்தாறுன்னு இன்னொரு ஆறு கிடக்கே, அந்தக் கரை ஊருகளுக்காக நாங்க இன்னும் ஜெபிக்கவே இல்லையே. முதல்ல குத்தாலத்துல இருந்து வாரோம்…”