ஒண்ணு விடாம இறக்குங்க

"அவர் போய் ரெண்டு மாசமாச்சு," என்றபடி அந்த அம்மா கம்ப்யூட்டர் மேல் கிடந்த துணியை உருவினார். "அதுக்கப்புறம் இதை யாரும் தொடல. அவர் போட்டோ எல்லாம் கிளவுட்லதான் இருக்காம். ஒண்ணு விடாம இதுக்குள்ள இறக்கிக் கொடுங்க."

கம்ப்யூட்டர் மெக்கானிக் தன் பையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். மனுஷருக்கு இளகிய மனசு. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் குப்பையில் போடும்போதே ஒரு நிமிஷம் தலைகுனிந்து நிற்பவர். மேலே போனவரைத்தான் இறக்க முடியாது, அவர் படத்தையாவது இறக்கித் தருவோம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

மூலையில் அந்த அம்மாவின் தம்பி இருந்தான். கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தியது மாதிரி உடம்பு. கையில் வண்டிச் சாவி. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. துக்கத்தில் வாயடைத்துப் போயிருக்கிறான் பாவம் என்று, அவனுக்கும் சேர்த்து மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டார்.

நல்லவேளை, போனவரின் கணக்கு திறந்தபடியே இருந்தது. 4,312 படங்கள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து டவுன்லோடைத் தட்டினார். பச்சைக் கோடு நோயாளி மாதிரி நகர்ந்தது.

கொஞ்சம் சீக்கிரம் ஆகுமா, கணக்கை எந்த நேரமும் மூடிவிடலாம் என்று அந்த அம்மா அவசரப்படுத்தினார். செத்தவர் கணக்கைக்கூட விட்டுவைக்காத ஈவிரக்கமில்லாத கம்பெனிகளை மெக்கானிக் மனதுக்குள் வைது தீர்த்தார்.

படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கல்யாணப் படங்கள் வந்தபோது அந்த அம்மா கொட்டாவி விட்டார். எத்தனை நாள் தூக்கமில்லையோ. அடுத்து, புருஷன் ஒரு நாய்க்குட்டியை வாளிக்குள் உட்காரவைத்து நுரை பொங்கக் குளிப்பாட்டும் படம். அந்த அம்மா பொலபொலவென்று அழுதுவிட்டார்.

அந்தக் கையை இனி எங்கே பார்க்கப்போகிறார் என்று மெக்கானிக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனசைத் தேத்திக்குங்கம்மா. நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரமாக் கூப்பிட்டுக்கிறான்."

தம்பிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மெக்கானிக் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கிளவுடில் 4,319 என்று காட்டியது. காலையிலிருந்தே நெட் சரியில்லை, கணக்குக்கூடத் தப்புத் தப்பாகச் சொல்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த ஏழு படங்களையும் இறக்கினார். முதல் படத்தைத் திறந்தவருக்கு முதுகில் ஐஸ் வைத்தது போலிருந்தது.

கடற்கரை. அரைக்கால் சட்டையோடு, வாயெல்லாம் ஐஸ்கிரீமோடு, ஈயென்று இளித்துக்கொண்டிருந்தார் காலமானவர். காலடியில் ஒரு நாய். கீழே இன்றைய தேதி, காலை பத்து மணி.

மெக்கானிக் கல்யாணப் படத்தைப் பார்த்தார். இதைப் பார்த்தார். அதே மூக்குதான்.

"அம்மா, இவர்..."

"அவரேதான். சண்டை போட்டுட்டு, நான் ஆபீஸ் போன நேரமாப் பார்த்துக் கிளம்பிப் போயிட்டாரு. எங்கேன்னு சொல்லல. போன்ல எடுக்கிற படமெல்லாம் தானா இங்க ஏறுதுன்னு அவருக்கே மறந்துபோச்சு. ஞாபகம் வந்து மூடிட்டா என்ன பண்றதுன்னுதான் பயந்தேன்." பேசிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். நாய்க்குப் பின்னால் ஒரு ஹோட்டல் போர்டு, தெருப் பெயரோடு, தெளிவாகத் தெரிந்தது. தம்பி எழுந்து வந்து அதைக் குறித்துக்கொண்டான்.

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாவு வீடு சந்தோஷ வீடாக மாறியதில் அவருக்கே ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றியது. நல்லபடியாக நாலு வார்த்தை பேசினால் வந்துவிடுவார், புருஷன் பெண்டாட்டி என்றால் ஆயிரம் இருக்கும், கூலிகூட வேண்டாம் என்று உருகினார்.

தம்பி சாவியை விரலில் சுழற்றினான். "ரெண்டு பேரையும் ஏத்திட்டு வந்துரவா அக்கா?"

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அவர் கிடக்கட்டும்டா, நாயை மட்டும் தூக்கிட்டு வா."