மூன்றடிச் சந்தும் ஐந்தடி மெஷினும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கு அழுகட்டும். நடந்தது நடந்தபடியே.

"மூணடிச் சந்துக்கு அஞ்சடி மெஷினா? டேப்பைத் தலைகீழாப் பிடிச்சீங்களா அக்கா?"

பொக்லைன் வாடகைக்கு விடுகிறவர் அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். இடத்துக்குத் தக்கபடி மெஷினைக் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு. கூட்டச் சொன்னவள் இவள்தான்.

கொல்லையில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, குளியலறைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. மழைக்கு முன்னால் புதிதாய் ஒன்பதடி தோண்டியாக வேண்டும். கொல்லைக்கு ஒரே வழி வீட்டோரச் சந்து. போன வருஷம் அவள் புருஷன் கண் மூடிய கையோடு, பக்கத்து வீட்டுக் கொழுந்தன் சுவர் எழுப்பி அதை மூன்றடியாக்கிவிட்டான்.

"குட்டி மெஷின் இருக்கு. ரெண்டரை அடிதான், பூனை மாதிரி நுழையும். ஆனா ஆறடிக்குக் கீழே கை எட்டாது."

"எட்டாத கை எனக்கு எதுக்கு? அஞ்சடியைக் கொண்டாங்க."

மறுநாள் மெஷின் வந்து இறங்கியது. தெருவே கூடிவிட்டது. மாமியார் வீட்டில் மூன்று நாள் தின்றுவிட்டு அன்று காலைதான் திரும்பிய கொழுந்தன், சுவர்மேல் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்தான். இந்தப் பக்கம் குழாயடியில் அழுக்குத்துணி மலையாய்க் குவிந்து கிடந்தது.

"துணி துவைக்க வக்கில்லை, யானையைப் பானைக்குள்ள அடைக்கக் கிளம்பிட்டாங்க அண்ணி!"

"தம்பி, உங்க பூந்தொட்டியெல்லாம் கொஞ்சம் தள்ளி வைங்க. மெஷின் இடிச்சிடும்."

"சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறதை எப்படி இடிக்கும்? மெஷினுக்கு இறக்கை முளைக்குமா?" சிரித்துக்கொண்டே தொட்டிகளை நகர்த்தினான். சிரிப்பு பாதியில் நின்றது.

தொட்டிகளுக்குப் பின்னால், மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஒரு கல் நின்றது.

மெஷின்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எல்லைக்கல்லு மாதிரி இருக்கே! இதுலேருந்து அளந்தா சந்து ஆறடி வருமே!"

"பொய்! அந்தக் கல்லைத்தான் சுவர் கட்டுறப்பவே பிடுங்கிப் பாழுங்கிணத்துல போட்டுட்டேனே!"

என்ன சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது. தெருவின் காதில் அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "டிரைவர் அண்ணே, முதல்ல சுவரு. அப்புறம் பள்ளம்."

சாயங்காலம் அவள் அந்தக் கல்லைப் பிடுங்கி வந்து, குழாயடியில் பழைய இடத்திலேயே கிடத்தி, மூன்று நாள் துணியையும் அதன்மேல் துவைத்துப் போட்டாள்.