கம்பெனி கேட்ட வாய்தா

"நான் போயிட்டா கேஸும் போயிடும்னுதானே பார்க்க வந்திருக்கே? உள்ளே வா, ராசா. நல்லாப் பார்த்துட்டுப் போ."

சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த ஒசீலியா சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் கம்பளி. ஆலைக் கம்பெனியின் வக்கீல் டக்கெட், கையிலிருந்த பழக்கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லை ஒசீலியா அம்மா. சும்மா நலம் விசாரிக்கத்தான் வந்தேன்."

நலம் விசாரிக்க வந்தானாம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அந்த ரசாயன ஆலை வந்ததிலிருந்து எங்கள் தெருவில் நலம் என்று ஒன்று இருந்தால்தானே விசாரிக்க. ஆலையை மூடச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் ஒன்பது பேர். ஒசீலியாவின் புருஷன் அல்சீடுக்கு நுரையீரல் போயிற்று. எதிர்வீட்டு அக்கா தங்கை இரண்டு பேருக்கும் மார்பில் புற்றுநோய். பாதிரியாருக்குக் கிட்னி கெட்டு, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பண்ணியே போய்ச் சேர்ந்தார். இப்படி எட்டுப் பேரைப் புதைத்தாயிற்று. மிச்சம் ஒசீலியா ஒருத்திதான்.

தெருவில் மற்றவர்கள் கம்பெனி நீட்டியதை வாங்கிக்கொண்டு, வழக்குப் பக்கமே வரமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள். ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தைப் பிடிக்கும்போது வேறென்ன செய்வார்கள், பாவம். ஆக, ஒசீலியா கண்ணை மூடினால் வழக்குக்கு ஆள் கிடையாது. ஆலை ஜாம் ஜாமென்று புகை விடலாம்.

இது டக்கெட்டுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் ஏதாவது சாக்கில் வந்து எட்டிப் பார்ப்பான். போன தடவை கைத்தடி. இந்தத் தடவை சக்கர நாற்காலி. அவனுக்கு உள்ளூர இருந்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

பக்கத்து வீட்டு டெர்லின் காபியைக் கொண்டுவந்து அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று அவளிடம் மெல்ல விசாரித்தான்.

"ஒசீலியா அக்கா டாக்டர்கிட்டயே போகமாட்டேங்கறாங்க. போய் என்ன ஆகப் போகுதுங்கறாங்க" என்றாள் டெர்லின், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாளே கம்பெனி வாய்தா கேட்டது. ஆவணங்கள் தயாராகவில்லையாம். அதற்கு முன்னால் அவர்களுடைய நிபுணருக்கு உடம்பு சரியில்லை. அதற்கும் முன்னால் புயல். புயலடித்தது என்னவோ பக்கத்து மாநிலத்தில்.

ஒசீலியாவின் வக்கீல் ஜூபேர் எழுந்து, ஆட்சேபம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்த கூட்டம் அவரைச் சர்ச் வாசலிலேயே மடக்கியது. கம்பெனிக்காரன் உன்னையும் கவனிச்சிட்டானா, கிழவி செத்தப்புறம்தான் வாயைத் திறப்பியா என்று ஆளாளுக்குக் கிழித்தார்கள். மனுஷர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் நீதிபதிக்கே பொறுமை போய், இனி வாய்தா கிடையாது என்று தேதி குறித்தார். அன்றைக்குத் தெருவே கோர்ட்டில் இருந்தது. டெர்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒசீலியாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இந்தம்மா வாயைத் திறந்து சாட்சி சொன்ன மாதிரிதான் என்று டக்கெட் தன் ஆளிடம் குனிந்து சொல்லிச் சிரித்தான்.

ஜூபேர் எழுந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"இந்த மாதிரி வழக்கு நிக்கணும்னா, ஒரு வருஷமாவது விடாம காத்தை அளந்திருக்கணும்னு நிபுணர்கள் சொன்னாங்க. வழக்குப் போட்டப்போ எங்ககிட்ட ஒரு நாள் அளவுகூட இல்லை. அப்பவே விசாரிச்சிருந்தா நாங்க தோத்திருப்போம். அப்புறம்தான் சர்ச் மணிக்கூண்டுல மெஷின் வெச்சோம். போன வாரத்தோட வருஷம் முடிஞ்சுது."

பல்கலைக்கழகத்து அம்மா ஒருவர் கூண்டிலேறி அளவுகளை வாசித்தார். தெருக்காற்றில் விஷம், சட்டம் அனுமதிக்கும் அளவைவிடப் பல மடங்கு. டக்கெட் குறுக்குக் கேள்வி கேட்க எழுந்து, காகிதங்களைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தான்.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. ஆலையை உடனே நிறுத்த வேண்டும். கோர்ட் என்றும் பாராமல் தெருக்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். டெர்லின் எட்டுப் பேரின் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதாள். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. நீதிபதி சுத்தியலைத் தொடக்கூட இல்லை.

கூட்டம் வெளியேறும்போது டக்கெட் வெளிறிப்போய் ஒசீலியா முன்னால் வந்து நின்றான்.

"நாங்க மட்டும் வாய்தா கேட்காம இருந்திருந்தா..." என்று இழுத்தான்.

ஒசீலியா மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினாள். கம்பளியை உதறி மடித்துவிட்டுச் சாவகாசமாக எழுந்து நின்றாள். செத்துப்போன புருஷனின் நாற்காலியை ஒரு கையாலேயே டெர்லின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"ஒரு வருஷம் டைம் கொடுன்னு நான் கேட்டிருந்தா நீ கொடுத்திருப்பியா, ராசா? அதான் கொஞ்சம் இருமிக் காட்டினேன்."