மருந்துக்கடையில் வரும் ரிசல்ட்

“பன்னிரண்டாவது ஆளும் போயாச்சும்மா!” என்றாள் பாத்திரம் கழுவும் அக்கா, சமையலறை ஜன்னலை விட்டு நகராமல்.

அன்றுதான் அந்தச் சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்த சமையல்காரிக்குக் கை கால் ஓடவில்லை. எதிரே மருந்துக்கடை. இவள் கையால் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள், வாயைத் துடைத்த கையோடு நேராக அங்கேதான் போய் நின்றார்கள். ஆளுக்கொரு ரோஸ் நிறப் பாட்டில். நெஞ்செரிச்சல் மருந்து.

“ஏன்க்கா, முதலாளி நிஜமாவே அங்க போய்க் கேப்பாரா?”

“பின்னே? புதுசா யார் சமைச்சாலும் முதல் நாள் மருந்துக்கடையிலதான் ரிசல்ட். போன தடவை வந்தவருக்கு நாலே பாட்டில்தான் வித்துச்சு. சாயங்காலமே மூட்டையக் கட்டிட்டாரு.”

நாலுக்கே மூட்டை என்றால் பன்னிரண்டுக்கு? ஒரு வருஷத்தில் இது மூன்றாவது சமையலறை. இங்கே நிலைத்தால் மகளை விடுதியிலிருந்து அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்ளலாம். முதலாளியிடமும் இதைச் சொல்லித்தான் வேலை கேட்டிருந்தாள். நேற்றுதான் போனில் அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டியிருந்தாள். பாழாய்ப்போன கை, மிளகாயில் நீண்டுவிட்டதோ? ருசி பார்க்கலாமென்றால் எந்தச் சட்டியிலும் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

முதலாளி தெருவைக் கடந்து போனார். கடைக்காரரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வாசலில் நின்றவர்களையும் விடவில்லை. திரும்பி வரும்போது கையில் பெரிய அட்டைப்பெட்டி.

அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள்.

“எத்தனைங்க ஐயா?”

“பத்தொன்பது! இந்த இருபது வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல.”

“மன்னிச்சிடுங்கய்யா. நான் கிளம்பறேன்.”

“எங்கம்மா கிளம்புறே? நாலு, அஞ்சுன்னா சமையல்ல கோளாறு. பத்தொன்பதுன்னதும் எனக்கே சந்தேகம். ஒவ்வொருத்தனையா நிறுத்தி விசாரிச்சேன். ஒருத்தன் மூணு தட்டாம், இன்னொருத்தன் நாலாம். எந்திரிக்கவே மனசு வரலையாம்! நாளைக்கே போய் உன் பொண்ணக் கூட்டிட்டு வந்துரு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அப்போ இந்தப் பெட்டி?”

“இனிமே இது கை கழுவுற இடத்துலயே இருக்கட்டும்” என்று பெட்டியைப் பிரித்தார் முதலாளி. முதல் பாட்டிலைக் குலுக்கித் திறந்து, மருந்தைத் தானே ஒரு மூடி குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“நான் அஞ்சு தட்டும்மா.”